ஜி.ஆர்.இ. தேர்வுக்குக் குறைந்த செலவில் தயாராவது: எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது?

முல்லைக்கொடி:

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காக ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வை எழுத எண்ணியிருக்கிறேன். தேர்வுக் கட்டணம், கூடுதல் பல்கலைக்கழகங்களுக்கு மதிப்பெண் அனுப்பும் கட்டணம், விண்ணப்பக் கட்டணங்கள் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தபோதே சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும் என்று தெரிகிறது. ஆகவே பயிற்சி வகுப்பில் சேரும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். நூல்களையாவது வாங்கலாம் என்று தேடினால், பரிந்துரைப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதோடு, எல்லாவற்றையும் வாங்கினால் வகுப்புக் கட்டணத்தையே நெருங்கிவிடும் போலிருக்கிறது.

நான் வரலாறு படித்தவள். கணிதத்தைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். வேலைக்குச் சென்றுகொண்டே படிக்க வேண்டும். எதைக் கட்டாயம் விலை கொடுத்து வாங்க வேண்டும், எது இலவசமாகவே கிடைக்கும், 2023-இல் தேர்வு முறை மாறிய பிறகு பழைய பதிப்புகளை நம்பலாமா என்பனவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

எண்கணியன்:

முல்லைக்கொடி அவர்களுக்கு வணக்கம். செலவைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இந்தத் தேர்வைப் பொறுத்தவரை எது அரிதான பொருள் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பாட விளக்கம் அரிதன்று. விகிதமும் சதவீதமும் நிகழ்தகவும் எங்கும் ஒன்றுதான், அவற்றைச் சொல்லித்தருபவர்கள் இணையத்தில் ஏராளம். அரிதானவை, தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே உருவாக்கி, தேர்வர்களிடம் சோதித்துப் பார்த்து வெளியிட்ட அசல் வினாக்கள்தான். குறிப்பாக வெர்பல் எனப்படும் ஆங்கிலப் பகுதியில், வெளியார் எழுதும் வினாக்களுக்கும் அசலுக்கும் உள்ள தூரம் மிக அதிகம். அசல் வினாவில் ஒரு விடை ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்பதற்கு அந்த வாக்கியத்துக்குள்ளேயே சான்று இருக்கும். போலி வினாக்களிலோ இரண்டு விடைகள் ஏறக்குறைய சமமாகப் பொருந்துவதும், கடினமான சொல்லை வைத்துவிட்டாலே வினா கடினமாகிவிடும் என்று எண்ணுவதும் அடிக்கடி காணப்படும். அவற்றில் நிறையப் பயிற்சி செய்தால் வாக்கியத்தில் சான்றைத் தேடும் பழக்கமே கெட்டுவிடும்.

ஆகவே முதலில் இ.டி.எஸ். இலவசமாகத் தருவதை முழுவதும் எடுத்துக்கொள்ளுங்கள். பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு முழு மாதிரித் தேர்வுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. உண்மையான தேர்வின் திரையையும் கணிப்பானையும் நேரக் கடிகாரத்தையும் அவற்றில்தான் பார்த்துப் பழக முடியும். அடுத்து, எண்கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு ஆகிய நான்கையும் விளக்கும் கணித மீள்பார்வைக் கோப்பு உள்ளது. கணிதத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் விட்டவர்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும். தேர்வில் எது வரும் என்பதற்கு அதுவே எல்லை. முக்கோணவியலும் நுண்கணிதமும் இத்தேர்வில் இல்லை என்பதால், அவற்றையும் சேர்த்து விற்கும் தடித்த கணித நூல்கள் உங்களுக்குத் தேவையில்லை. அந்த மீள்பார்வையின் தலைப்புகளுக்கு ஏற்ற, கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்தின் காணொளிகளின் பட்டியலையும் இ.டி.எஸ். வெளியிட்டிருக்கிறது; கான் அகாடமியும் இலவசமே.

பலரும் புறக்கணிக்கும் இன்னொரு சிறிய கோப்பு, கணித மரபுகள் பற்றியது. வடிவியல் படங்கள் அளவுப்படி வரையப்பட்டிருக்கும் என்று கொள்ளக் கூடாது, ஆனால் ஆயத்தள வரைபடங்களை அளவுப்படியே கொள்ளலாம் என்பது போன்ற விதிகள் அதில்தான் உள்ளன. இதை அறியாமல் படத்தைக் கண்ணால் பார்த்து விடையளித்து மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

சுவடிக்காரர்:

எண்கணியன் ஐயா கூறியதை ஏற்றுக்கொண்டு, பழைய பதிப்புகள் பற்றிய கேள்விக்கு நான் பதிலளிக்கிறேன். பழைய நூல்களைத் தேடித் தருவதே என் வேலை என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது.

ஜி.ஆர்.இ. தேர்வின் அண்மைக்கால வரலாற்றில் இரண்டு எல்லைக்கோடுகள் உள்ளன. முதலாவது 2011 ஆகஸ்ட். அப்போதுதான் எதிர்ச்சொல் வினாக்களும் ஒப்புமை வினாக்களும் நீக்கப்பட்டன. 200 முதல் 800 வரை இருந்த மதிப்பெண் அளவுகோல் 130 முதல் 170 வரை என்று மாறியது. இரண்டாவது 2023 செப்டம்பர். அப்போது தேர்வு மூன்றே முக்கால் மணி நேர அளவிலிருந்து 1 மணி 58 நிமிடமாகக் குறைந்தது. இரண்டு கட்டுரைகளில் வாதத்தைப் பகுப்பாய்வு செய்யும் கட்டுரை நீக்கப்பட்டது. மதிப்பெண்ணில் சேராத சோதனைப் பகுதியும் போயிற்று. ஆனால் வெர்பல், குவாண்ட் (கணிதப் பகுதி) ஆகிய இரண்டிலும் வினா வகைகள் மாறவில்லை, எண்ணிக்கைதான் குறைந்தது.

இதை ஒரு கணக்கால் உறுதிசெய்துகொள்ளலாம். முன்பு வெர்பல் பகுதி ஒன்றில் 20 வினாக்களுக்கு 30 நிமிடம், அதாவது வினாவுக்கு ஒன்றரை நிமிடம். இப்போது முதல் பகுதியில் 12 வினாக்களுக்கு 18 நிமிடம், இரண்டாம் பகுதியில் 15 வினாக்களுக்கு 23 நிமிடம். வேகம் ஏறக்குறைய அதேதான். குவாண்ட் பகுதியில் 20 வினாக்களுக்கு 35 நிமிடம் என்று இருந்தது, இப்போது 12 வினாக்களுக்கு 21 நிமிடமும் 15 வினாக்களுக்கு 26 நிமிடமும் என்று ஆகியிருக்கிறது. இங்கும் வினாவுக்கு ஒன்றே முக்கால் நிமிடம் என்ற வேகத்தில் பெரிய மாற்றமில்லை. ஆகவே 2011-க்குப் பிந்தைய அதிகாரப்பூர்வ நூல் எதுவாயினும், அதிலுள்ள வெர்பல், குவாண்ட் வினாக்களை நம்பிப் பயிற்சி செய்யலாம். வாதப் பகுப்பாய்வுக் கட்டுரை பற்றிய பக்கங்களை மட்டும் தாண்டிவிடுங்கள்.

இ.டி.எஸ். வெளியிடும் அதிகாரப்பூர்வ வழிகாட்டி நூலின் மூன்றாம் பதிப்பு 2017-இல் வந்தது. இதைப் புதிதாக வாங்கினால் கணினியில் எழுதும் இரண்டு தேர்வுகளும் கூடக் கிடைக்கும் என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். அந்த இரண்டும் எவரும் இலவசமாகப் பெறக்கூடிய பவர்பிரெப் தேர்வுகளே. எனவே பழைய பிரதியை வாங்குவதால் எதையும் இழக்கமாட்டீர்கள். வெர்பல், குவாண்ட் பகுதிகளுக்கென்று தனித்தனியாக வந்துள்ள அதிகாரப்பூர்வ வினாத் தொகுப்புகளும் அப்படியே. ஒவ்வொன்றிலும் 150 வினாக்கள் உள்ளன.

பழைய பிரதி வாங்கும்போது அட்டையைப் பார்க்காதீர்கள், உள்ளே பாருங்கள். முந்தைய உரிமையாளர் விடைகளைப் பேனாவால் வட்டமிட்டிருந்தால் அந்தப் பிரதியின் பயன் பாதிக்குமேல் போய்விட்டது. கண் அந்த வட்டத்தை நோக்கித்தான் போகும். பென்சில் குறிகளானால் அழித்துவிடலாம். விற்பவர் நேரில் இல்லையென்றால், மாதிரித் தேர்வுப் பக்கங்களின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கடைசிவரிசை:

இவ்வளவு சுற்றி வளைப்பானேன் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்நூல்கள் அனைத்தும் வருடிய (ஸ்கேன் செய்த) கோப்புகளாக இணையத்தில் உலவுகின்றன; தேடினால் சில நிமிடங்களில் கிடைத்துவிடும். பணமில்லாதவர்களுக்கு வேறு வழி என்ன இருக்கிறது? யாரிடமாவது இணைப்பு இருந்தால் இங்கேயே பகிரலாமே.

நெறியாளர்:

கடைசிவரிசை அவர்களுக்கு: பதிப்புரிமை உள்ள நூல்களின் திருட்டுப் பிரதிகளுக்கான இணைப்புகளை இங்கு பகிர அனுமதியில்லை, பகிர்ந்தால் பதிவு நீக்கப்படும். கட்டணமின்றிப் படிக்க முறையான வழிகள் இருப்பதால் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

சுவடிக்காரர்:

நெறியாளர் சொன்னதற்கு மேல், பயன் என்ற கோணத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். அப்படி உலவும் கோப்புகளில் விடைப் பக்கங்கள் விடுபட்டிருப்பதும், பின்னங்களிலும் அடுக்குக்குறிகளிலும் வருடல் பிழை ஏற்பட்டு வினாவே வேறொன்றாகிவிடுவதும் வழக்கம். அடுக்குக்குறி இரண்டு என்பது அடிமட்டத்துக்கு இறங்கிச் சாதாரண இரண்டாகிவிட்ட ஒரு வினாவோடு அரைமணி நேரம் போராடியவர்களை எனக்குத் தெரியும்.

பணமில்லாதவர்களுக்கு வேறு வழி என்ன என்ற கேள்வி நியாயமானது. பல்கலைக்கழக நூலகங்களும் பொது நூலகங்களும் தேர்வு நூல்களை வைத்திருக்கின்றன. இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்கும் வசதியும் பல இடங்களில் உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை, ஆகவே நூலகரும் சொல்வதில்லை. வாங்கச் சொல்லிப் பரிந்துரைப் படிவம் எழுதிக் கொடுத்தால் அடுத்த கொள்முதலில் சேர்க்கும் நூலகங்களும் உள்ளன. நூலகப் பிரதியில் எழுதாமல், விடைகளைத் தனிக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

பனிக்காலன்:

இங்கு பேசுபவர்கள் அனைவரும் தாமாகவே திட்டமிட்டுப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதால், கட்டண வகுப்புகளைப் பற்றிய பேச்சே எழாமல் போகிறது. வேலைக்குச் செல்பவருக்குப் பொருள்கள் இல்லாதது பெரிய குறை அன்று. எங்கே தொடங்கி எந்த வரிசையில் போவது என்று தெரியாததுதான் குறை. இலவசமாகக் கிடைக்கும் ஐம்பது காணொளிகளில் எதை முதலில் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே மாலை கழிந்துவிடும். மாதச் சந்தாவில் இயங்கும் இணையப் பயிற்சித் தளங்கள் சில, நேரடி வகுப்புகளின் கட்டணத்தில் சிறு பகுதிக்கே நாள்வாரியான திட்டத்தைத் தருகின்றன. அப்படி ஒன்றில் சேர்வது வீண்செலவு ஆகாது.

எண்கணியன்:

பனிக்காலன் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் சந்தாவில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆர்வத்தில் முதல் நாளே ஆண்டுச் சந்தா கட்டுபவர்கள், பெரும்பாலும் முதல் மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கணித மீள்பார்வையைத் தானாகவே ஒருமுறை முடித்துவிட்டு, எந்தப் பகுதியில் தடுமாற்றம் என்று தெரிந்த பிறகு, ஒரே ஒரு மாதத்துக்குச் சந்தா கட்டி அந்தப் பகுதிகளை மட்டும் பார்த்து முடிப்பதே சிக்கனம். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும் என்பதால், கட்டிய அன்றே புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். கட்டிய காலம் முடியும்வரை வசதி தொடரும் என்று விதிமுறையில் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைதான் தேவையென்றால் அதிகாரப்பூர்வ வழிகாட்டியின் அத்தியாய வரிசையே ஒரு திட்டம்தான். அது சலிப்பூட்டும் என்பதை மறுக்கவில்லை.

மாலைவாசகி:

வெர்பல் பகுதிக்கான செலவைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பள்ளியில் ஆங்கில வழியில் படிக்காதவள் என்ற முறையில் நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சொற்பட்டியல் நூல்களை வாங்க வேண்டாம். மூவாயிரம், நான்காயிரம் சொற்களை அகர வரிசையில் அடுக்கும் நூல்கள், எதிர்ச்சொல் வினாக்கள் இருந்த காலத்தின் மிச்சம். அப்போது ஒரு சொல்லின் பொருள் தனியாகத் தெரிந்தாலே மதிப்பெண் கிடைத்தது. இப்போது ஒவ்வொரு சொல்லும் வாக்கியத்துக்குள் கேட்கப்படுகிறது; மூன்று வெற்றிடங்கள் உள்ள டெக்ஸ்ட் கம்ப்ளீஷன் வினாவில் மூன்றும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், பகுதி மதிப்பெண் கிடையாது. ஒரே வெற்றிடத்துக்கு ஒத்த பொருள் தரும் இரு சொற்களைக் கேட்கும் சென்டென்ஸ் ஈக்விவலன்ஸ் வினாவிலும் ஆறு சொற்களில் சரியான இரண்டையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே இரண்டாயிரம் சொற்களை மேலோட்டமாக அறிவதைவிட, அடிக்கடி வரும் சில நூறு சொற்களை அவற்றின் பயன்பாட்டோடு அறிவதே பலன் தரும்.

அதற்கு அங்கி (Anki) என்ற நினைவு அட்டை மென்பொருள் போதும். கணினியிலும் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் கட்டணம், ஆனால் அதிலும் உலாவி வழியாகக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மறக்கப்போகும் தறுவாயில் அட்டையை மீண்டும் காட்டுவதுதான் அதன் வேலை. பிறர் உருவாக்கிய அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதைவிட, நீங்கள் தவறவிட்ட வினாக்களின் வாக்கியங்களையே அட்டையாக்குங்கள். நேரம் கூடுதலாகும், ஆனால் நினைவில் நிற்கும்.

வாசிப்புப் பகுதிக்கும் நூல் வாங்கத் தேவையில்லை. அடர்த்தியான ஆங்கில உரைநடையைச் சலிக்காமல் படிக்கும் பழக்கம்தான் வேண்டும். முல்லைக்கொடி வரலாறு படித்தவர் என்பதால், அறிவியலும் கலை விமர்சனமும் படித்துப் பழகுவது நல்லது. தேர்வில் பத்திகள் எந்தத் துறையிலிருந்தும் வரும், அந்தத் துறையை முன்பே அறிந்திருக்க வேண்டியதில்லை என்றாலும் அதன் நடைக்குக் கண் பழகியிருக்க வேண்டும்.

கடைசிவரிசை:

இணைப்புக் கேட்டதை விட்டுவிடுகிறேன். இப்போது செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளிடம் கேட்டால் எத்தனை வினா வேண்டுமானாலும் உருவாக்கித் தருகிறதே, அதையே பயன்படுத்தக் கூடாதா?

எண்கணியன்:

விளக்கம் கேட்கப் பயன்படுத்தலாம், வினா உருவாக்கப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. ஓர் அசல் வினாவையும் அதன் அதிகாரப்பூர்வ விடையையும் கொடுத்து, நான் தேர்ந்தெடுத்த விடை ஏன் பொருந்தாது என்று கேட்டால் பெரும்பாலும் பயனுள்ள விளக்கம் கிடைக்கும். விடை ஏற்கெனவே நம் கையில் இருப்பதால் அது தவறிப் பேசினாலும் கண்டுபிடித்துவிடலாம். புதிய வெர்பல் வினாவை உருவாக்கச் சொன்னால் மேலே நான் சொன்ன அதே குறைதான்: இரண்டு விடைகள் பொருந்தும், எது சரி என்று அதுவே அடித்துச் சொல்லும், சரிபார்க்க நமக்கு வழியிருக்காது. எண்கணிதத்தில் வெறும் வேகப் பயிற்சிக்கான எளிய கணக்குகளுக்கு வேண்டுமானால் கேட்டுக்கொள்ளுங்கள்.

முல்லைக்கொடி:

அனைவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்கு இன்னும் சில ஐயங்கள் உள்ளன. இலவசமாகக் கிடைக்கும் இரண்டு பவர்பிரெப் தேர்வுகளை எப்போது எழுதுவது? என் நிலை தெரிய வேண்டுமென்று ஒன்றை இப்போதே எழுதிவிடலாமா? கட்டுரைப் பகுதியை மதிப்பிட யாரும் இல்லாதபோது என்ன செய்வது? இறுதியாக, என்னால் ஒரே ஒரு பொருளுக்குத்தான் செலவு செய்ய முடியும் என்றால் எதை வாங்குவது?

பனிக்காலன்:

ஒன்றை இப்போதே எழுதுங்கள். எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தெரியாமல் தேர்வுத் தேதியைப் பதிவுசெய்வது ஆபத்து. தேதியை மாற்றக் கட்டணம் உண்டு. நாம் விண்ணப்பிக்கும் துறை எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை முதல் முயற்சியிலேயே நெருங்கிவிட்டால், நூல்களுக்கான செலவே தேவைப்படாமலும் போகலாம்.

எண்கணியன்:

இதில் நான் உடன்படவில்லை. கணிதத்தைப் பள்ளியோடு விட்டவர் இன்று தேர்வெழுதினால், கணிதம் மறந்துவிட்டது என்ற, அவருக்கே தெரிந்த செய்திதான் கிடைக்கும். அதற்காக இருக்கும் இரண்டில் ஒன்றைச் செலவிட வேண்டியதில்லை. பவர்பிரெப் தேர்வை மீண்டும் எழுதலாம் என்றாலும் அதே வினாக்களே வரும். அதோடு, ஜி.ஆர்.இ. பகுதிக்குப் பகுதி தகவமையும் தேர்வு: முதல் பகுதியில் நாம் செய்வதைப் பொறுத்தே இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். அச்சு நூல்களில் இதை அனுபவிக்க முடியாது. அடிப்படை தெரியாத நிலையில் எழுதினால் எளிய இரண்டாம் பகுதியே வரும். கடினமான பகுதியின் வினாக்களைப் பார்க்கும் வாய்ப்பும் இல்லாமல் போகும். வெர்பல் நிலையை அறிய வழிகாட்டி நூலிலுள்ள ஒரு பகுதியை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். கணித மீள்பார்வை முடிந்ததும் முதல் பவர்பிரெப், தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இரண்டாவது.

எழுதியதைவிட எழுதிய பின் செய்வது முக்கியம். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும், எந்தத் தலைப்பு என்பதை எழுதுவதோடு நிற்காமல், எப்படித் தவறியது என்பதையும் எழுதுங்கள்: வினாவைத் தவறாகப் படித்தேனா, விதி தெரியவில்லையா, விதி தெரிந்தும் நேரம் போதவில்லையா, இரண்டு விடைகளுக்கிடையே ஊகித்தேனா. ஊகித்துச் சரியாகப் போனதையும் தவறாகவே கணக்கில் சேருங்கள். ஒரு நூலை இப்படிப் படித்தவருக்கு இரண்டாவது நூல் தேவைப்படுவது குறைவு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வு என்பதால், உண்மைத் தேர்வில் எந்த வினாவையும் வெறுமையாக விடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

மாலைவாசகி:

கட்டுரைக்கு இ.டி.எஸ். தன் முழுத் தலைப்புத் தொகுப்பையும் வெளியிட்டிருக்கிறது. தேர்வில் வரும் தலைப்பு அதிலிருந்துதான் வரும். 0 முதல் 6 வரையிலான மதிப்பெண் விதிகளும், வெவ்வேறு மதிப்பெண் பெற்ற மாதிரிக் கட்டுரைகளும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற மதிப்பீட்டாளரின் குறிப்பும் இலவசமாக உள்ளன. தேர்வின் எழுதுபலகையில் எழுத்துப்பிழை திருத்தி இருக்காது, ஆகவே வீட்டிலும் அதை அணைத்துவிட்டு முப்பது நிமிடத்தில் எழுதிப் பழகுங்கள். மறுநாள் மாதிரிக் கட்டுரைகளை அருகில் வைத்து, உங்கள் கட்டுரை எந்த மதிப்பெண்ணுக்குரிய கட்டுரையை ஒத்திருக்கிறது என்று பாருங்கள். நானும் தயாராகிக்கொண்டிருப்பதால், விருப்பமிருந்தால் கட்டுரைகளை மாற்றிக்கொண்டு மதிப்பிடலாம், தனிச்செய்தி அனுப்புங்கள்.

சுவடிக்காரர்:

ஒரே ஒரு பொருள் என்றால், உங்கள் நிலையில் குவாண்ட் பகுதிக்கான அதிகாரப்பூர்வ வினாத் தொகுப்பின் பழைய பிரதி. வழிகாட்டி நூலே நூலகங்களில் அதிகம் கிடைப்பது, ஆகவே அதை இரவல் வாங்குங்கள். தனித் தொகுப்புகள் அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. வழிகாட்டியும் இரண்டு தொகுப்புகளும் சேர்ந்த ஒரே கட்டாகவும் விற்பனையில் உண்டு. தேர்வு முடித்தவர்கள் அதை மொத்தமாகவே விற்க முனைவார்கள். குவாண்ட் நூலை மட்டும் தருவீர்களா என்று கேளுங்கள், பலர் தந்துவிடுவார்கள். கட்டண மாதிரித் தேர்வுகளான பவர்பிரெப் பிளஸ் தனித்தனியாகவே வாங்கக்கூடியவை. இரண்டு இலவசத் தேர்வுகளையும் முடித்த பிறகும் நேர மேலாண்மையில் தடுமாறினால் அப்போது ஒன்று வாங்கலாம், இப்போது வேண்டாம்.

முல்லைக்கொடி:

குவாண்ட் தொகுப்பை விற்பவர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டேன். முதல் இரண்டு அத்தியாயங்களில் பென்சில் குறிகள் இருப்பதாகவும் மற்றவை சுத்தமாக இருப்பதாகவும் கூறிப் படங்களை அனுப்பியிருக்கிறார். பதிப்பு இரண்டாவது. வாங்கலாமா?

சுவடிக்காரர்:

வாங்கலாம். விடை விளக்கப் பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள்.